திங்கட்கிழமை மட்டும் பதினெட்டு வாளி

படகை இழுத்துக் கரையேற்றி, நான்கு முட்டுக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்த பிறகும் அதற்குள் தினமும் பதினோரு வாளித் தண்ணீர் ஏறியது. பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. திங்கட்கிழமை மட்டும் பதினெட்டு. கால்பலகைகளைத் தூக்கிப் பார்த்தால், கீழே அடிப்பள்ளத்தில் அது பாட்டுக்குத் தளும்பிக்கொண்டிருக்கும். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு உப்பங்கழியின் இக்கரைக்கும் அக்கரைக்கும் துடுப்புப் போடும் படகு அது. பயணி ஒருவர் செருப்பு நனைந்ததென்று எழுதிப் போட, படகுத்துறை ஆய்வாளர் வந்து ஓர் இரும்பு அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தார். நான்கு விரற்கடை. முப்பது நாளில் காய வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் ரத்து, படகு விறகுக்குப் போகும் என்று எழுதிக் கொடுத்தார். படகோட்டிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. துடுப்புப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

சந்தேகப்படவும் தெரியும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். துறையில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர். பாலை முகர்வார், வந்த கடிதத்தைப் பிரிக்குமுன் முகர்வார், விருந்தாளி மூலையில் சாத்திய குடையை அவர் பார்க்காதபோது முகர்வார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், இவருக்கு வெளிச்சத்திலும் நாலு பேய் தெரியும். முதலில் படகுத் தச்சரைப் பிடித்தார். போன மழைக்கு முன் பலகை இடுக்குகளில் பஞ்சும் உருக்கிய கீலும் அடைத்தவர் அவர்தான். தச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. படகுக்குள் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ஒருநாள் முழுக்க அப்படியே விட்டார். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. “வெளிய போகாத தண்ணி உள்ள மட்டும் எப்படிய்யா வரும்?” என்று கேட்டுவிட்டு உளிப்பையைச் சுருட்டிக்கொண்டு போனவர், அந்த வருடம் முழுக்க அவரோடு பேசவில்லை.

அடுத்து, பக்கத்துப் படகுக்காரன் வாளியோடு வந்து ஊற்றுகிறான் என்று முடிவு செய்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு நாள் தன் படகிலேயே குடைபிடித்து உட்கார்ந்து காவல் காத்தார். யாரும் வரவில்லை; தண்ணீர் மட்டும் தவறாமல் வந்தது. மூன்றாம் நாள் விடியுமுன் அடிப்பள்ளத்தைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, மனைவியின் முகப்பவுடர் டப்பாவை எடுத்து வந்து முழுதும் தூவினார். தண்ணீர் எங்கிருந்து கிளம்பினாலும் பவுடரில் தடம் விழ வேண்டும் அல்லவா? விழுந்தது. காலை ஆறு மணிக்கு, நடுப்பலகையில், இடுக்கோ ஆணியோ ஓட்டையோ இல்லாத இடத்தில், நல்ல மரத்திலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. விரலை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நாக்கில் வைத்தார். உப்பு இல்லை. முகர்ந்தார். குளியல் சோப்பு.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ஆறு மணிக்குக் குளித்த தண்ணீர். பத்து மணிக்குப் பாத்திரம் கழுவியது, அதில் தேயிலைச் சக்கை மிதக்கும். மாலையில் முகம் கழுவியது. திங்கட்கிழமை துணி துவைத்த தண்ணீர். அந்தத் திங்கட்கிழமைத் தண்ணீரில் ஒரு எலுமிச்சைத் தோல் மிதந்து வந்ததைப் பார்த்ததும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துணி அலசும் கடைசித் தண்ணீரில் எலுமிச்சைத் தோல் போடுவது அவருடைய அம்மாவின் பழக்கம். அம்மா போய்விட்டாள். அவருடைய மனைவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்.

அக்காவோடு அவர் பேசி ஒன்பது வருடம். அப்பாவுக்கு இடுப்பு உடைந்தபோது எட்டு வருடம் அந்தப் படகை ஓட்டி, அந்த வருமானத்தில் தம்பியை வளர்த்தவள் அவள். தம்பி வளர்ந்து துடுப்பைப் பிடித்து வெகுகாலம் கழித்து, ஒன்பது வருடத்துக்கு முன், அப்பா கண்ணை மூடுமுன் படகைத் தம்பி பெயருக்கு எழுதிவிட்டார், ஆம்பளைப் பிள்ளை என்று. தம்பியும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “வச்சுக்கடா. ஆனா அந்தப் படகு என்னை மறக்காது” என்று சொல்லிவிட்டு அக்கரையில் இருந்த புருஷன் வீட்டுக்குப் போனவள்தான். எட்டு மாதத்துக்கு முன் அந்தப் புருஷனும் இறந்தார். தம்பி போனார், வாசல் கதவருகே நின்றார், உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டார். அதற்கு எட்டாம் நாள் படகில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவள் அவருடைய மனைவி. அவருக்கு அது கணக்காகத் தெரியவில்லை, சதியாகத் தெரிந்தது.

அக்கரையில் மூன்றாவது வீடு, பச்சை ஜன்னல். படகை மறுபடி தண்ணீரில் இறக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டே கவனித்தார். படகில் பதினெட்டு வாளி ஏறும் அதே திங்கட்கிழமை, அந்த வீட்டுக் கொடியில் துணி சொட்டியது. இந்த ஆதாரத்தோடு ஆய்வாளரிடம் போனார். “தண்ணி விடறது எங்க அக்காதான் சார்.” ஆய்வாளர் சந்தேகமே படவில்லை, பலவிதப் படகுகளைப் பார்த்தவர். உறவுத் தகராறுக்கு இந்த அலுவலகத்தில் படிவம் இல்லை, முப்பது நாளில் இருபது முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

“ஏங்க, ஒரு எட்டுப் போய் உங்க அக்காகிட்ட கேட்டுட்டுதான் வாங்களேன்” என்றாள் மனைவி.

“நான் ஏன் போகணும்? இத்தனை தண்ணி அனுப்புறவ ஒரு ஆள அனுப்பமாட்டாளா?”

முப்பதாம் நாள் திங்கட்கிழமையாக விடிந்தது. ஞாயிறு மதியமே தூவி வைத்த பவுடர் காலை ஆறு மணிக்கும் தடமில்லாமல் கிடந்தது. ஏழு மணிக்கும் அப்படியே. மனைவிக்குச் சந்தோஷம். அவர் நம்பவில்லை. ஆய்வாளர் வரும் நேரம் பார்த்து அக்கா மொத்தமாகக் கொட்டுவதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று கால்பலகையைப் பிடித்தபடி காத்திருந்தார். பத்தரைக்கு ஆய்வாளர் வந்தார், அளவுகோலை விட்டார், எடுத்தார். நுனியில் பவுடர் ஒட்டியிருந்தது. உரிமத்தைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

மோப்பக்காரர் குனிந்து முகர்ந்தார். காய்ந்த மரவாசனை. தேயிலை இல்லை, சோப்பு இல்லை, எலுமிச்சை இல்லை. நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தார். கொடி வெறுமையாகக் கிடந்தது. நேற்று மாலை முகம் கழுவிய தண்ணீரும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். அவர் துடுப்பை எடுத்தார்.

“சார், கையெழுத்து அப்புறம். உட்காருங்க.”

“இன்னிக்கு விட்டா உரிமம் போயிரும்யா!”

“போகட்டும் சார். விறகாவே போகட்டும். உட்காருங்க.”

இருபது நிமிடத் தூரத்தைப் பதினோரு நிமிடத்தில் கடந்தார். பச்சை ஜன்னல் வீட்டில் குளியலறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஆய்வாளர் இரும்பு அளவுகோலைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினார். அரசாங்கச் சொத்து வளைந்தது, தாழ்ப்பாள் தெறித்தது. அக்கா ஈரமில்லாத தரையில் கிடந்தாள், அப்பாவைப் போலவே இடுப்பு உடைந்து, உதடு வெடித்து. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

“நேத்து சாயங்காலத்துலேருந்து கிடக்கேன்” என்றாள். “தண்ணி வரலைன்னு தெரிய உனக்கு இவ்ளோ நேரமாடா?”

அவர் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுகைக்கு நடுவிலும் பிறவிக் குணம் போகவில்லை. “அப்ப, வேணும்னேதான் விட்டியாக்கா?” என்று கேட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆய்வாளர் வேறு பக்கம் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தம்பி மூன்று தடவை கேட்டார். அதற்குப் பிறகும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் படுக்கையில் இருந்த இரண்டு மாதமும் படகு எலும்பாகக் காய்ந்து கிடந்தது. அவர் தினமும் கால்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு யார்மீதாவது எரிந்து விழுந்தார். அப்படியொரு நாளில் தச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்கிறார்கள். தம்பி வீட்டில் தங்க அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. தடியை ஊன்றித் தன் வீட்டுக்கே திரும்பினாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு நடுப்பலகை வெதுவெதுவென்று ஊறியது. அவர் இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்தார்.

கெடு தாண்டியும் உரிமத்தை ரத்துச் செய்யாமல் வைத்திருந்த ஆய்வாளர், வளைந்த அளவுகோலோடு வந்து அளந்தார். நான்கு விரற்கடை. பதிவேட்டில், ‘கசிவு உண்டு. காரணம்: அக்கா. அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதி முத்திரை வைத்தார். திங்கட்கிழமைகளில் பயணிகள் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். அந்தத் துறையில் முதல் படகு ஆறேகாலுக்குக் கிளம்பும். ஆறு மணித் தண்ணீர் ஐந்து நிமிடம் தாமதமானால் மட்டும், ஒரு பயணியும் இல்லாமல் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு படகு அக்கரைக்குப் போய்விடும்.