ஐயாயிரத்து நாற்பது இழை

புடவையின் நீளவாட்டு இழைகளான பாவு தறியில் ஏறிவிட்டது. ஐயாயிரத்து நாற்பது இழை. மறுநாள், பூவேலைக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு கயிறு கட்டவேண்டும். கட்டிவிட்டால் புடவையின் குறுக்கே எத்தனை மாங்காய் உருவம் என்பதை மாற்ற முடியாது. அந்த நேரத்தில்தான் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஜெயப்ரியா. என் கணவர் வெங்கடேசனின் சித்தப்பா மகள். மணப்பெண் அவள்தான், புடவையும் அவளுக்குத்தான்.

“அண்ணி, எட்டு இல்ல. ஒம்போது.”

அவள் கையில், போன வருஷம் தவறிப்போன அவள் அம்மாவின் கல்யாணப் புடவை. அச்சு அசலாக அதைப்போலவே வேண்டும் என்று கேட்டிருந்தாள். எட்டு மாங்காய் என்று எண்ணிச் சொன்னதும் அவள்தான்.

“கொடியில மடிச்சுப் போட்டுக்கினு எண்ணினேன். நடு மாங்காய் மடிப்புல மாட்டிக்கினு இருந்திருக்குது.”

“மாங்காயே எண்ணத் தெரியல. மாமியார் வூட்ல எத்தினி பேருக்குச் சோறு வடிப்பம்மா நீ?” என்றார் என் கணவர். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

அவள் சிரிக்கவில்லை. “எட்டே இருக்கட்டும்ணா. வுட்டுடு,” என்றாள்.

எங்கள் வீட்டில் கல்யாணப் பாவில் ஓர் இழையைக்கூடக் கழித்துப் போடுவதில்லை. எல்லா மாங்காய்க்கும் இழை சமமாகப் போகவேண்டும். எட்டுக்கு அறுநூற்று முப்பது என்று பார்த்துவைத்திருந்தோம், அவ்வளவுதான். போன பாவு நாலாயிரத்து எண்ணூறு. அதை ஒன்பதால் வகுத்தால் மூன்று மிஞ்சும். பயந்துகொண்டேதான் இந்தப் பாவை ஒன்பதால் வகுத்தேன்.

ஐந்நூற்று அறுபது. மிச்சமில்லை.

நம்பாமல் பெருக்கிப் பார்த்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. ஒன்றிலிருந்து பத்து வரை எந்த எண் வந்து பங்கு கேட்டாலும் அது இல்லையென்று சொல்லவில்லை. ஒன்று முதல் ஏழு வரை பெருக்கினால் அதே எண். ஏழு, எட்டு, ஒன்பது, பத்தைப் பெருக்கினாலும் அதே எண். இதற்காக யாரும் அதைத் தேடி எடுக்கவில்லை. அகலம் சற்றுக் கூடட்டும் என்று இழை சேர்த்ததில் தானாக வந்தது.

“ஒன்பது வரும்,” என்றேன்.

“மெய்யாலுமா அண்ணி?”

அவர் பாவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஓர் இழை அறுந்து தொங்கியது.

ஐயாயிரத்து முப்பத்தொன்பது. இரண்டு, மூன்று, ஏழு, பதினொன்று என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டே போனேன். எதற்கும் பிடி கொடுக்காத எண். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு யாருக்கும் அது வகுபடாது.

அவர் விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்து முறுக்கினார். “இப்ப வரும்,” என்றார்.

யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் அந்த இழையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெயப்ரியா அம்மாவின் புடவையைத் தரையில் மடிப்பில்லாமல் விரித்து மறுபடி எண்ணத் தொடங்கினாள். இந்த முறை சத்தமாக.