டீச்சர் பார்க்கும் படலம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அக்காவுக்கு வேலை. எப்பேர்ப்பட்ட கத்துக்குட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் பக்கத்து இருக்கையில் அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை ஒரு பல் டாக்டர் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று மூன்று குப்பைத்தொட்டிகளை வரிசையாகச் சாய்த்தார். "பரவாயில்லைங்க, அவசரமே இல்ல. பின்னாடி வண்டி எதுவும் வரல. மெதுவா இன்னொரு தடவ எடுங்க" என்றாள் அக்கா, முகம் சுளிக்காமல்.

அதே அக்கா சாயங்காலம் மகளோடு கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஆறாவது நிமிடம் குரல் எகிறும். எட்டாவது நிமிடம் ஏதாவது ஒரு கதவு படாரென்று சாத்தப்படும். சாத்துவது சில நாள் மகள், சில நாள் அம்மா.

மகளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். பதிமூன்று வயது, சின்ன உருவம், பேச்சில் காரம். மற்ற எதற்கும் வாய் ஓயாதவள், கணக்கு என்றால் மட்டும் ஊமையாகிவிடுவாள். விடை தெரியாது என்று சொல்ல முடியாது. எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், தாள் ஓட்டையாகும் வரை அழிப்பாள். மூன்று மாதமாகப் பரீட்சையில் வெள்ளைத்தாளைத்தான் நீட்டிவிட்டு வருகிறாள். அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. அவர் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் தலை தொங்கிவிடும். மிளகு அவர் கையிலிருந்து பென்சிலை மெதுவாக உருவிக்கொண்டு, போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுவாள்.

வெளியிலிருந்து ஒருவரை வரவழைப்பது என்று முடிவானது. முதலில் வந்தவர் மிளகின் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இது நாலாங்கிளாஸ் கணக்காச்சே, இதுகூடவா வராது?" என்றார். மிளகு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர் படியிறங்கிப் போன பிறகும் அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

இதையெல்லாம் சோபாவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன் அக்காவின் தம்பி, மிளகின் மாமா. லிஃப்ட் மெக்கானிக். இருப்பது அடுத்த கட்டடம், சாப்பிடுவது மட்டும் அக்கா வீட்டில். முப்பது வயதாகியும் விளையாட்டுப் புத்தி போகவில்லை என்பது அக்காவின் தீராத குறை.

"அக்கா, புது லிஃப்ட் மாட்டினா நாங்க எடுத்த எடுப்புல ஆளையா ஏத்துறோம்? மொதல்ல மணல் மூட்டைய ஏத்தி, தாங்குதான்னு பார்ப்போம். நீ என்னடான்னா நேரா பிள்ளையவே ஏத்திவிடுற."

"அதுக்கு மூட்டைக்கு எங்கடா போறது?"

மாமா தன் நெஞ்சில் தட்டிக் காட்டினான்.

திட்டம் இதுதான். இனி வருகிற டீச்சர் முன்னால் மாணவனாக உட்காரப்போவது மாமா. பள்ளிப் படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர விரும்பும் பெரியவர் என்று சொல்லிக்கொள்ள வேண்டியது. ஒரே சந்தேகத்தை நாலு விதமாகக் கேட்டு ஆளின் பொறுமையைச் சோதிக்க வேண்டியது. மிளகு மேசை ஓரத்தில் படம் வரைகிற சாக்கில் உட்கார்ந்து மார்க் போடுவாள். பெருமூச்சு விட்டால் ஒரு கோடு, போனைப் பார்த்தால் ஒரு கோடு, 'இதுகூடத் தெரியாதா' என்றால் மூன்று கோடு.

"இதெல்லாம் நல்லதுக்கில்ல" என்றாள் அக்கா. ஆனால் சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு, குளியலறையிலிருந்து வந்ததிலிருந்து முதல்முறையாக மிளகின் முகத்தில் ஒரு களை தெரிந்தது.

முதலில் சிக்கியவன் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டிய கல்லூரி மாணவன். "எதுக்கு எக்ஸ்னே வைக்கணும்? வேற எழுத்து கோவிச்சுக்காதா?" என்று மாமா மூன்றாவது முறை கேட்டபோது அவன் இன்னொரு இயர்ஃபோனையும் மாட்டிக்கொண்டான். அடுத்து வந்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கதிகாரி. "நிதானமா கேளுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே விரலால் மேசையில் மேளம் வாசித்தார். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று மாமா விடாமல் குடைந்ததில், மேளம் வேகமெடுத்து, கடைசியில் "மரமண்டை" என்ற சொல்லில் போய் முடிந்தது. அன்று மாமாவும் மிளகும் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மூன்றாவதாக வந்த அம்மாள் தங்கமான மனுஷி. ஒரு பெருமூச்சு இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. ஒரு மணி நேரமும் இனிக்க இனிக்கப் பேசினார். அக்கா, "இவங்களையே வெச்சுடலாம்" என்றாள். மிளகு உதட்டைப் பிதுக்கினாள்.

"பொறுமைக்கு நூத்துக்கு நூறு. ஆனா மாமா கைக்கு ஒரு தடவகூட பென்சில் வரல. எல்லாக் கணக்கையும் அவங்களே போட்டு, அவங்களே சந்தோஷப்பட்டுக்கிட்டாங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பயிற்சி வண்டியில் ஸ்டியரிங்கைத் தானே பிடித்துக்கொண்டால் எவன் ஓட்டக் கற்றுக்கொள்வான்? பதிமூன்று வயதுப் பெண் சொல்லித்தான் அது அவளுக்கு உறைத்தது.

அப்போதுதான் தன்னிடமே ஓட்டிப் பழகுகிற ஒருத்தி நினைவுக்கு வந்தாள். பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லித்தருகிறவள். ஓட்டுநர் தேர்வில் நாலு முறை தோற்றவள். கிளட்சை விடுகிற விஷயத்தில் அவளுக்கும் காருக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அதனால் அக்கா வீட்டில் பேசும்போது அவள் பெயரே கிளட்ச் டீச்சர். ஒவ்வொரு முறை தோற்ற மறுநாளும் சரியான நேரத்துக்கு வந்து, "நேத்து எங்க சொதப்பினேன்னு கண்டுபிடிச்சுட்டேங்க" என்று சிரித்துக்கொண்டே சீட்பெல்ட் போடுவாள்.

"நாலு தடவ ஃபெயிலானவங்களா நமக்குச் சொல்லித்தரப்போறாங்க?" என்றான் மாமா.

"மூட்டை பேசக் கூடாது" என்றாள் அக்கா.

கிளட்ச் டீச்சர் வெள்ளிக்கிழமை மாலை, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்தாள். கோட்டை வாசலிலேயே உதறி மாட்டினாள். மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள். நோட்டைக் கேட்கவில்லை.

"எது வரைக்கும் உங்களுக்குப் புரிஞ்சிருக்கு?"

"எதுவுமே புரியல" என்றான் மாமா, பாவமாக.

"ரொம்ப வசதி. அப்போ எங்கிருந்து வேணா ஆரம்பிக்கலாம். நீங்களே ஒரு கணக்கு சொல்லுங்க."

மாமா யோசிப்பதுபோல் பாவனை செய்து, மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்டலாம் என்றான். பென்சில் அவன் பக்கம் உருண்டு வந்தது. வேண்டுமென்றே மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, ஏழில் இரண்டு என்று எழுதி நிமிர்ந்தான். மிளகின் பென்சில் கோடு போடத் தயாராக நின்றது.

டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. "எப்படிப் போட்டீங்க?" என்றாள். மாமா உற்சாகமாக விளக்கினான். அவள் தலையாட்டிக் கேட்டாள்.

"நல்ல வழியா இருக்கே. இதே வழியில அரையும் அரையும் கூட்டிப் பாருங்க."

கூட்டினான். நாலில் இரண்டு வந்தது.

"நாலுல ரெண்டுன்னா?"

"அரை."

"அப்போ அரை டம்ளர் தண்ணியில இன்னும் அரை டம்ளர் ஊத்தினா, அரை டம்ளர்தான் இருக்கும்."

மிளகு படத்தின் மேல் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சரிடமிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. மிளகு கோடு போட்டாள், பிறகு சந்தேகப்பட்டு அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

"சரி, வழி சரியில்லன்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. இப்போ வேற வழியில போடுங்க" என்றாள் டீச்சர்.

மாமா பென்சிலை ஸ்டைலாகச் சுழற்றினான். விளையாட்டு போதும், சரியாகப் போட்டு அசத்திவிடலாம் என்று குனிந்தான். கீழே பன்னிரண்டு என்று எழுதினான். மேலே எழுத ஒன்றும் வரவில்லை. எங்கோ எதையோ எதனாலோ பெருக்க வேண்டும் என்பது மட்டும் புகைபோல் நினைவிருந்தது. முதலில் அவன் நம்பவில்லை. இவ்வளவு நாளும் தெரியாததுபோல் நடிக்கிறோம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தான். காது மடல்கள் சூடேறின.

அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பதவிக்கான எழுத்துத் தேர்வில் அவன் இரண்டு முறை தோற்றிருந்தான். அக்காவிடம், "இந்த வருஷமும் தள்ளிவெச்சுட்டாங்க" என்று சொல்லிவைத்திருந்தான். மோட்டார் முனகுவதைக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் லிஃப்ட் கூண்டின் எடையோடு ஏற்றுகிற எடையில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூட்டு என்று தாளில் கேட்டால் கை மரத்துப்போகும்.

டீச்சர் அவசரப்படுத்தவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாமாவுக்கு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது.

மேசை ஓரத்தில் நாற்காலி நகர்ந்தது.

"மாமா, மூணை பன்னண்டாக்க எதால பெருக்கினீங்க?"

அது மிளகின் குரல். மாமா திரும்பிப் பார்த்தான். எப்போதும் அவனை நீ, வா, போ என்று பேசுகிறவள் 'நீங்க' போட்டிருந்தாள்.

"நாலால."

"கீழ பெருக்கினா மேலயும் அதால பெருக்கணும். அவசரமே இல்ல. பின்னாடி வண்டி எதுவும் வரல."

சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கத்தி நின்றது. கணக்கு என்றால் மூன்று மாதமாக வாயே திறக்காத பெண், பயிற்சி வண்டியின் பின்சீட்டிலிருந்து கேட்ட அம்மாவின் வேலையிடக் குரலை அச்சு அசலாக எடுத்துப் பேசுகிறாள். அந்தக் குரலில் மகளிடம் தான் ஒருநாளும் பேசியதில்லை என்பதும் அக்காவுக்கு உறுத்தியது.

மாமா நாலு என்று எழுதினான். பிறகு மூன்று. இரண்டையும் கூட்டி ஏழு. மிளகு எட்டிப் பார்த்து, தாளின் ஓரத்தில் ஒரு சின்ன டிக் போட்டாள்.

கிளம்பும்போது வாசலில் டீச்சர் மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "பாப்பா, என் கணக்குல எத்தனை கோடு?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வந்து மழைக்கோட்டை மாட்டும்போதே பாப்பாவோட நோட்டைப் பார்த்துட்டேன். மேல 'மரமண்டை, மூணு கோடு'ன்னு பெருசா எழுதியிருந்துச்சு."

"ஒண்ணே ஒண்ணு. பெருமூச்சுக்கு" என்றாள் மிளகு. "ஆனா அது சிரிப்பை அடக்கினதுன்னு நினைக்கிறேன்."

"அடக்கினதுதான்."

அக்கா தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் கையசைத்துவிட்டாள். "செவ்வாய், வெள்ளி வர்றேன். ஆனா ரெண்டு பேரும் உட்காரணும்."

"நான் எதுக்கு?" என்றான் மாமா.

"பாப்பா சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேணும். உங்க அளவுக்குத் தெரியாதவரு சுலபமா கிடைக்க மாட்டாரு."

அவள் சொன்னது கிண்டலா பாராட்டா என்று நாலு நாள் யோசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மாமா புது நோட்டோடு வந்து உட்கார்ந்தான். பாப்பாவுக்குத் துணைக்கு என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டான்.

டீச்சர் முதல் வேலையாக மிளகின் ரப்பரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தப்பானால் மேலே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கீழே எழுது, என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றாள். முதல் வாரம் மிளகின் விரல்கள் இல்லாத ரப்பரைத் தேடின. ஆனால் பக்கத்தில் மாமாவின் நோட்டு முழுக்க ரயில் தண்டவாளம்போல் கோடுகளாகவே இருப்பதைப் பார்த்ததும் தைரியம் வந்தது. மாமாவின் வீட்டுப்பாடத்தைத் திருத்துவது அவள் பொறுப்பு. பச்சை மையில் திருத்துவாள். "முயற்சி தெரிகிறது, கையெழுத்துதான் தெரியவில்லை" என்று ஒருநாள் எழுதியிருந்தாள்.

அடுத்த பரீட்சையில் மிளகு ஐம்பத்தெட்டு வாங்கினாள். அதோடு விடாமல், ஒரு கணக்கில் வழி சரி, ஏன் மார்க் குறைந்தது என்று வகுப்பில் எழுந்து கேட்டு இரண்டு மார்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தாளாம். அறுபது என்று அக்கா தொலைபேசியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த அன்றுதான், மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அந்த மேற்பார்வையாளர் தேர்வை யாரும் தள்ளிவெக்கல. நான்தான் ரெண்டு தடவ ஃபெயிலானேன். அடுத்த மாசம் திரும்ப எழுதறேன்."

வாய்வரை வந்ததை அக்கா விழுங்குவது தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோ" என்றாள் கடைசியில்.

தேர்வறையில் நாற்பது மெக்கானிக்குகள் இருந்தார்கள். மாமா ஏழு இடத்தில் கோடு இழுத்துவிட்டுக் கீழே எழுதினான். மூன்று வாரம் கழித்து, பதினோராவது மாடியில் லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. தேறியிருந்தான், மயிரிழையில். கையைத் துடைத்துக்கொண்டு முதலில் அழைத்தது மிளகைத்தான்.

"பாஸாயிட்டேன்" என்றான்.

"எந்தக் கணக்கு தப்பு?"

"அஞ்சாவது. அப்புறம் ஒன்பதாவதும்னு நினைக்கிறேன்."

"சரி, கேள்வித்தாளை எடுத்துட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.