எட்டாவது ஒப்பு

"மைனி, நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ போதுமா, ரெண்டு கொண்டு வரட்டா?"

லீவுக்குச் சொந்த ஊரான பொழியூருக்குப் போயிருந்த சிஜி அங்கிருந்து போனில் கேட்டபோது, ரோம் நகரத்துச் சமையலறையில் நின்ற லூயிசாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சிஜி அவள் கணவன் வில்பிரட்டின் தங்கை. லூயிசாதான் அவளை இந்த ஊருக்கு வரவழைத்தாள். வேலை கிடைக்கும்வரை எட்டு மாதம் இதே சமையலறையில் படுக்க இடம் கொடுத்தாள்.

"ரெண்டு கொண்டு வா மக்கா. ஞாயிற்றுக்கிழமதோறும் நீயும் வந்து தின்னலாம்."

அப்படியே நடந்தது. ஜன்னலுக்குக் கீழே சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பழைய பேராலயத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருப்பார்கள். மேலே மூவரும் கருவாட்டுக் குழம்பை விட்டுச் சோறு பிசைவார்கள்.

"அண்ணா, எட்டிப் பாக்காத. நம்மளயும் பழைய சிலைண்ணு படம் பிடிச்சிட்டுப் போவாவ!" என்பாள் சிஜி.

அதே கட்டடத்தின் மேல்மாடியில் வீட்டுக்காரி சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் அறைகளைத் துடைப்பது அவள் வேலை. வேலைக்கு ஏறுமுன் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவுவாள்.

நான்காவது வாரம் வீட்டுக்காரி ஒரு தாளை நீட்டினாள். மீன் நாற்றம் தாங்க முடியவில்லை, இந்தக் குடும்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று எட்டுப் பேர் பெயரெழுதி ஒப்புப் போட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஏழு பேரும் படிக்கட்டில் மூக்கைப் பொத்துகிறவர்கள்தான். எட்டாவதாகச் சிஜியின் பெயர், அதற்கு மேலே குட்டியாக ஒரு சிலுவை. எதை எழுதினாலும் முதலில் சிலுவை வரையப் பொழியூர்க் கோவிலின் மறைக்கல்வி வகுப்பில் பழக்கியிருந்தார்கள். லூயிசாவின் கையும் அப்படித்தான் எழுதும்.

"வேல போவும்ணு பேடிச்சிருப்பா, பாவம்," என்றான் வில்பிரட்.

"நமக்கு வீடு போவுது. அதுக்கு ஆரு பாவம்?"

ஞாயிற்றுக்கிழமை சிஜி வந்தாள். லூயிசா எப்போதும்போல் சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். இரண்டு வாய் உள்ளே போன பிறகு, தாளை விரித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எட்டீ, சிலுவயப் போட்டுட்டா இந்தப் பேர எழுதின?"

பிசைந்த சோறு சிஜியின் விரல்களிலிருந்து தட்டிலேயே விழுந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்திருந்தான். சிஜி எழுந்துபோய் எலுமிச்சைத் தோலை எடுத்து, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறிப்போனாள்.