மூட்டுவலித் தைலம் குடித்த ஸ்டவ்

வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

புயலடித்து ஒன்பதாம் நாள். மின்சாரம் வரவில்லை. கேஸ் சிலிண்டரும் காலி. சாய்ந்த மரங்களைத் தாண்டி வண்டி வர வழியில்லை. வீட்டில் எல்லாமே அலுத்துப் போயிருந்தது. டார்ச்சைத் தட்டினால் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மெழுகுவர்த்திச் சுடர் நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்தே எரிந்தது. அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் சுவர்வரை போக முடியாமல் பாதி வழியில் தரையில் படுத்துக்கொண்டது. அதைத் தாண்டித்தான் நான் நடமாடினேன்.

மனைவிக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். ஒன்பது நாளாகப் பச்சைத் தண்ணீரும் பிஸ்கட்டும்தான். துணிப்பையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தவள், கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இங்க பாருங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு டம்ளர் வெந்நி வரணும். இல்லன்னா நான் அண்ணன் வீட்டுக்குக் கெளம்பறேன்."

அவள் அண்ணனிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. கல்யாணமான நாள்முதல் அந்த வீட்டில் கை நனைக்காதவன் நான். போனால் தனியாகத்தான் போவாய் என்றேன். நீங்கள் இந்த மெழுகுவர்த்தியோடு குடித்தனம் நடத்துங்கள் என்றாள்.

பரணிலிருந்து பம்ப் ஸ்டவ்வை இறக்கினேன். மூன்று கால்களில் ஒன்று நொண்டி. மண்ணெண்ணெய் ஊற்றி, பர்னர் அடைப்பை ஊசியால் குத்தி, பம்ப் அடித்தேன். காற்று ஏறவில்லை. பம்புக்குள் இருந்த தோல் வாஷர் கருவாடாய்க் காய்ந்து கிடந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இளகிவிடும். வீட்டிலிருந்த ஒரே எண்ணெய் அவளுடைய மூட்டுவலித் தைலம். இரண்டு சொட்டு என்றுதான் சாய்த்தேன்; பாதி பாட்டில் உள்ளே போய்விட்டது.

ஸ்டவ் பெருமூச்சு விட்டது. நொண்டிக் காலை நீட்டி மடக்கிப் பார்த்தது. நீலச் சுடர் பிடித்ததும் தண்ணீர்ப் பாத்திரத்தை அதன் தலையில் வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் ஸ்டவ் தானே நடந்து, சமையலறை நிலைப்படியைத் தாண்டி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், கட்டிலருகே போய் நின்றது. இந்த வீட்டில் அவள் இருக்கும் இடம் தேடி வெந்நீர் போனது அதுதான் முதல் தடவை.

ஒரு டம்ளர் குடித்தாள். மிச்சத்தில் துணியை நனைத்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுக்காவது எனக்காக நாலு அடி நடக்கத் தெரியுதே."

ஸ்டவ் அதோடு நிற்கவில்லை. தெருவில் இறங்கி வீடு வீடாக வெந்நீர் வைத்துக் கொடுத்தது. கம்பத்தின் மேலிருந்த லைன்மேன் ஒன்பது நாளாகத் தூங்காதவர். நடக்கிற ஸ்டவ்வைப் பார்த்து ஆச்சரியப்படவும் தெம்பில்லாமல், ஒரு டீ கிடைக்குமா என்று மட்டும் கேட்டாராம். போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பியது.

சாயங்காலம் அவள் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அண்ணன் பேச்சையே எடுக்கவில்லை. காலியான பையில் என் வேட்டி சட்டையை மடித்து வைத்து என் கையில் கொடுத்தாள்.

மச்சான் வீட்டு ஜெனரேட்டர் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இங்கே இது ஐந்தாம் நாள்.