அண்ணி எழுதிக்கொள்ளாத சொற்கள்

என் அண்ணி தியோலிந்தா ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்றபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மொசாம்பிக் கடற்கரையில் எங்கள் பெய்ரா ஊரில் ஆங்கிலம் படிப்பவர்கள் துறைமுகத்தில் வேலை தேடுகிறவர்கள். இல்லையென்றால் புயலுக்குப் பிறகு நிவாரண வேலைக்கு வந்து இறங்கிய வெள்ளை ஜீப்காரர்களிடம் வேலை தேடுகிறவர்கள். அண்ணியோ மீன் விற்பவள். பள்ளிக்கூட மொழியான போர்த்துகீசியமே அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"மீன்கிட்ட இங்கிலீஷ்ல பேசப் போறீங்களா அண்ணி?" என்று கேட்டேன். அவள் கோபப்படாமல் காரணத்தைச் சொன்னாள். அதன்பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மகன் நேலியோ, புயலன்று கரையில் கிடந்த வலையை எடுத்துவரப் போனவன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு கப்பல் அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அண்ணி நம்பினாள். கப்பல்காரர்கள் வெளிநாட்டுக்காரர்கள், அவனைப் பற்றிய செய்தி ஆங்கிலத்தில்தான் வரும், வரும்போது தனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் படிப்பு.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவனின் உடம்பு கிடைக்காவிட்டால், 'என் பிள்ளை செத்துவிட்டான்' என்று பெற்றவள் தன் வாயால், எங்கள் ந்தாவ் மொழியில், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அழலாம், சாவுச் சாப்பாடு போடலாம். அதுவரை அவன் அப்பன் படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. என் அண்ணன் அன்செல்மோ இரண்டாவது மழைக்காலமும் கரையில் உட்கார்ந்து ஊரார் வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவனில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நீ பெத்துப் பாரு, அப்புறம் பேசு," என்றாள்.

துணைக்கு நானும் வகுப்பில் சேர்ந்தேன். கூரை பறந்துபோன மாதா கோவில் கூடத்தில், தார்ப்பாய்க்குக் கீழே சாயங்காலம் பாடம் நடக்கும். ஆசிரியர் சிப்பூன்சா எல்லைக்கு அந்தப்புறம் ஜிம்பாப்வே மலைப்பக்கத்துக்காரர். எங்கள் மொழி தெரிந்தவர், எங்கள் கரை வழக்கம் தெரியாதவர். வெள்ளம், புயல், நிலச்சரிவு என்று உலகத்துச் செய்திகளை போனில் போட்டுத்தான் பாடம் எடுப்பார். பட்டவர்களுக்கு அந்தச் சொற்கள் சீக்கிரம் ஒட்டும் என்பது அவர் எண்ணம். எங்கள் வயிற்றெரிச்சல் இவருக்குப் பாடப்புத்தகமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். சைக்ளோன், ஃப்ளட், ஷெல்ட்டர் எல்லாம் எங்கள் நாக்கில் உடனே உட்கார்ந்துவிட்டன. நிலநடுக்கத்துக்கான சொல் மட்டும் யாருக்கும் நிற்கவில்லை. அது எங்களுக்கு நடக்கவில்லையே.

அண்ணி எல்லாரையும் முந்தினாள். காப்பாற்றப்பட்டவர், உயிர் பிழைத்தவர், உயிரோடு கிடைத்தவர் என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மூழ்கியவர், சாவு எண்ணிக்கை, புதைத்தல் என்று பலகையில் எழுதினால் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். பாவம், களைப்பு என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார்.

"பாதி இங்கிலீஷ் படிச்சா பாதி நியூஸ்தான் புரியும் அண்ணி."

"எனக்கு அந்தப் பாதி போதும்."

வகுப்பில் ஒரு முறை வைத்திருந்தார் சிப்பூன்சா. செய்தியை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்துவார். பெஞ்சு வரிசைப்படி ஒருவர் எழுந்து, மெதுவாகப் படிப்பவர்களுக்காக அதை ந்தாவில் சொல்ல வேண்டும். 'அவர் சொன்னார்' என்று சொல்லக் கூடாது. பேசுகிறவராகவே மாறி 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஜீப்காரர்களின் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படித்தான் செய்வார்களாம். ரொட்டிக்கடை பாசிலியோ ஒருநாள் அமைச்சராக மாறி, எல்லா உதவியும் நானே செய்வேன் என்று நெஞ்சை நிமிர்த்தியபோது, ஒரு கடன் ரொட்டி கொடுக்காதவன் பேசுகிற பேச்சைப் பார் என்று கூடமே சிரித்தது.

அன்றைக்கு ஆசியாவில் எங்கோ வெள்ளம். சேற்றில் நின்று ஒரு பெண் பேசினாள். அவள் பேச்சின் மேல் ஆங்கிலக் குரல் ஓடியது. வீடு இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது என்ற வாக்கியம் என் பங்குக்கு வந்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்தது அண்ணி.

போன் அடுத்த வாக்கியத்தைச் சொன்னது. எனக்கே புரிந்தது. அண்ணி பேசாததால் சிப்பூன்சா மறுபடியும் போட்டார்.

"சார், இத நான் சொல்றேன்," என்று எழுந்தேன்.

"நீங்க சொல்லியாச்சு. அவங்க சொல்லட்டும்."

கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் கரைக்காரர்கள். புரியவில்லை என்று சொல்லி அண்ணி உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சொற்களை அவள் எழுதிக்கூட வைக்காதவள், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் எழுந்து முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பையன் செத்துட்டான்," என்றாள் ந்தாவில். "உடம்பு கெடைக்கல. இனிமே தேடப் போறதில்ல."

ஒரு சொல் பிசகவில்லை. எல்லாமே அவளுக்குத் தெரிந்திருந்தது. சிப்பூன்சா பாராட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அண்ணி உட்காரவில்லை.

"பேரு நேலியோ. வலைய எடுத்துட்டு வரேன்னான். வேணாம்னு நான் சொல்லல."

அது செய்தியில் இல்லையே என்று ஆசிரியர் குழம்பிப்போய்க் கேட்டார். பாசிலியோ தொப்பியைக் கழற்றினான். பெண்கள் ஒவ்வொருவராக பெஞ்சை விட்டு இறங்கி, சாவு வீட்டில் உட்காருவதுபோலத் தரையில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் போனை அணைத்தார்.

முதலில் அழுதது நான்தான். இத்தனை நாள் எப்போது சொல்வாள் என்று காத்திருந்த நான், அவள் சொன்ன பிறகு, சொல்லாமலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அண்ணி அழவில்லை. என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உங்க அண்ணன்கிட்ட நீ போய்ச் சொல்லிடும்மா. என்னால ரெண்டாந்தடவ சொல்ல முடியாது."