விட்டுப்போன சுழி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்க. வானத்திலிருந்து விழுந்த ஒரு கல்லையும், எழுத்திலிருந்து விழுந்த ஒரு சுழியையும் சொல்லப்போறேன்.

நில ஆய்வு அலுவலகத்தில் ஒருத்தி இருந்தாள். எந்நேரமும் பாறையைத் தடவிக்கொண்டே இருப்பதால் எல்லாருக்கும் அவள் கல்லக்கா. ஊருக்கு வெளியே வட்டமாக ஒரு பெரும் பள்ளம், நடுவில் ஏரி. அவிந்துபோன எரிமலை என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. இல்லை, கோடி கோடி வருஷத்துக்கு முன்னால் விண்கல் மோதிய குழி என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். மேலதிகாரி ஒரே ஒரு துளை போட அனுமதித்தார். வெள்ளிக்கிழமைக்குள் அத்தாட்சி வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவேன் என்றும் சொன்னார்.

துளை போட்டவர் கல்லக்காவின் அக்கா புருஷன். பூமிக்குள்ளிருந்து கை மொத்தத்துக்கு உருளை உருளையாகக் கல்லை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை அடி ஆழம் என்று சிவப்பு பெயிண்டில் எழுதி, நாற்பது பெட்டிகளில் அனுப்பினார். முப்பத்தொன்பதைப் பார்த்தாயிற்று, தேடியது இல்லை. நாற்பதாவதைக் காணவே காணோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தானையே வரவழைத்துக் கேட்டாள். அதை மறப்பேனா, துளைப்பானின் பல்லை உடைத்த கல்லாச்சே, மூடியிலேயே 'கெட்டி கல்' என்று எழுதினேன் என்றார். இருவரும் பெட்டிகளை வாங்கி வைக்கிற கிடங்குக்காரரிடம் போனார்கள். கெட்டி எதுவும் வரவில்லை, 'கெட்ட கல்' என்றுதான் ஒரு பெட்டி வந்தது, ஒதுக்கிவிட்டேன் என்றார் அவர்.

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிர்கிற இயந்திரத்தின் மேல் வைத்து எழுதியதில் டகரத்தின் மேல் போடுகிற சுழி விட்டுப்போய், 'கெட்டி' 'கெட்ட' ஆகியிருக்கிறது.

"எங்க ஒதுக்கினீங்க?" என்றாள் கல்லக்கா.

கிடங்குக்காரர் முகம் வெளுத்தது. கெட்டதை லாரியில் ஏற்றிக் கொட்டவேண்டும் என்பது விதி. ஆனால் குழாயடியில் ஒரே சேறு. டீ போடுகிற அம்மா இரண்டு தடவை வழுக்கி விழப் பார்த்தாளாம். மனசு கேட்காமல் உருளைகளை அங்கே பதித்துவிட்டாராம். வேலை போய்விடுமோ என்று பயந்தபடியே அவர்களைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

மூவரும் குனிந்து தோண்டி அலசினார்கள். உடைந்த பக்கத்தில் ஒரே முனையிலிருந்து விரிந்த கோடுகள், குதிரை வால் மாதிரி. விண்கல் இடித்த இடத்துப் பாறைதான் அப்படி விரியும். புரட்டிப் பார்த்தால், எந்த ஆழத்துக் கல் என்று சொல்கிற சிவப்பு எண், அழியாமல்.

"எழுத்தை விட்டாலும் எண்ணை விடலையே அத்தான்" என்று சிரித்தபடியே அழுதாள் கல்லக்கா.

"எனக்குச் சுழி சரியில்லேன்னு எங்கம்மா சும்மாவா சொன்னாங்க" என்றார் அவர்.

கிடங்குக்காரர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவருடைய சேற்றுக் கையை அவள் பிடித்துக்கொண்டாள். "விதிப்படி செஞ்சிருந்தீங்கன்னா இது எந்தக் குப்பையில கிடக்குமோ. ஒருத்தங்க விழக்கூடாதுன்னு நினைச்சீங்க பாருங்க, அதுதான் என்னையும் தாங்கிச்சு."

மேலதிகாரி கல்லைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், ஃபைலில் எரிமலை என்ற சொல்லைத் தானே கோடு போட்டு அடித்தார். அறிக்கையின் முதல் பக்கத்தில் துளை போட்டவருக்கும் கிடங்குக்காரருக்கும் டீ அம்மாவுக்கும் நன்றி எழுதினாள் கல்லக்கா. சாயங்காலம் மூவருமாகக் குழாயடியில் வேறு கல் பதித்தார்கள். இதாவது மிதிக்கிற கல்தானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் காலை வைத்தாள் டீ அம்மா.

உங்க வீட்டிலும் அப்படியே ஆகட்டும் கண்ணுகளா. எழுத்தில் சுழி விட்டுப்போனாலும் வாழ்க்கையில் எதுவும் கெடாமல், வாசல் கல் கெட்டியாக, மிதிக்கிற கால் வழுக்காமல், எல்லாரும் நல்லா இருங்க.