நாற்பது பேர் பேசும் படகு

படகுக் காட்சியில் ஏதோ சரியில்லை. என்னவென்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. நாற்பது பேர் கடல் கடந்து பிழைக்கப் போகிற கதை. பல நாட்டு மக்களை ஒரே படகில் காட்டியிருக்கிறோம் என்பதுதான் படத்தின் பெருமை. அவர்களுடைய பின்னணிப் பேச்சைச் சேர்ப்பது என் வேலை.

"என்னப்பா இது, கடலா, காய்கறிச் சந்தையா?" என்றார் டைரக்டர். "நாளைக்குச் சாயந்திரம் வர்றேன். அதுக்குள்ள சரி பண்ணு."

கூட்டத்தின் குரலுக்கு நாற்பது பேர் வேண்டியதில்லை. எட்டுப் பேரை மைக்கைச் சுற்றி நிறுத்திப் பேசவைத்துப் பதிவு செய்யலாம். பிறகு இடம் மாற்றி நிறுத்தி மறுபடியும் பேசச் சொல்லலாம். இப்படி ஐந்து முறை செய்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எட்டு நாற்பதாகிவிடும். பின்னணிதானே என்று டப்பிங் கலைஞர்களிடம் வாய்க்கு வந்ததைப் பேசச் சொல்லியிருந்தேன். "எப்படி சார்?" என்றார்கள். நானே பேசிக் காட்டினேன், ஒவ்வொரு சொல்லின் தலையையும் இழுத்து, வாலை விழுங்கி. எட்டுப் பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அடுக்குகளைக் குறைத்துப் பார்த்தேன். அலையின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். அலை அடிக்கும் சந்தையாக மாறியதுதான் மிச்சம்.

மறுநாள் மதியம் வீட்டுச் சாவியைக் கொடுக்க அண்ணி ஸ்டுடியோவுக்கு வந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். அன்று மாலை ஷிப்ட். இருபது வயதில் அப்படியொரு படகில் வந்தவர் அவர். தமிழை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டார். திரையில் படகைப் பார்த்ததும், நான் தடுப்பதற்குள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கேட்டார்.

"தம்பி, இது நான் தமிழ் பேசுற மாதிரியே இருக்கே."

ஒலியை நிறுத்தினேன். அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"வீட்ல பேசிக் காட்டுவியே, உங்கண்ணன்கூட விழுந்து விழுந்து சிரிப்பாரே. அதேதான். இப்ப நாப்பது பேர் என்னை மாதிரி பேசுறாங்க."

"அண்ணி, அது சும்மா..."

"சும்மாதான். நானும் சும்மாதான் சிரிச்சு வச்சேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் பேசும் விதத்தை அத்தனை நுணுக்கமாகக் கவனித்தவன், எப்படி வந்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"முதல்ல அதை அழி."

அவர் கண் முன்னாலேயே நாற்பது குரல்களையும் அழித்தேன். எஞ்சியது மோட்டாரும் தண்ணீரும்தான். என் கண்கள் மேசையை விட்டு எழவில்லை.

"படகுல எப்படிப் பேசுவாங்க?" என்றேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"யார் பேசுனா? வாயத் திறந்தா உப்புத் தண்ணி. மோட்டார்கிட்ட இருக்கிறவன் மட்டும் ஏதாவது சொல்வான். முன்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்காது. பக்கத்துல இருக்கிறவர் அதைத் தன் பாஷையில அடுத்தவங்களுக்குச் சொல்வார். அவங்க அதுக்கடுத்தவங்களுக்கு. நாலு பாஷை தாண்டித்தான் எனக்கு வந்து சேரும்." சட்டென்று சிரித்தார். "ஒரு தடவை அவன் 'குனிங்க'ன்னு சொல்லியிருக்கான். எனக்கு வந்து சேர்ந்தப்ப அது 'கும்பிடுங்க'ன்னு ஆயிருந்துச்சு. நாங்க முன்வரிசை மொத்தமும் கும்பிட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, தலை குனிஞ்சாச்சில்ல."

என்னால் சிரிக்க முடியவில்லை. "நீங்க வந்து பேசித் தருவீங்களா?"

"என் பாஷையிலதான் பேசுவேன். மத்த பாஷைக்காரங்களை நீ தேடிப் பிடி."

மாலை வந்த டைரக்டரிடம், நான் பேசிக் காட்டியது யாருடைய பேச்சு என்பதையும் சேர்த்து, நடந்ததைச் சொல்லி இரண்டு நாள் அவகாசம் வாங்கினேன். சரியாக வந்த முறை இதுதான்: ஐந்து மொழிக்காரர்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு மைக், ஒருவருக்கும் வசனம் எழுதித் தரவில்லை. மோட்டார் ஓட்டுபவராகப் பேசுபவர் ஒரு வாக்கியம் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் தன் காதில் விழுந்ததை மட்டும் தன் மொழியில் அடுத்தவருக்குச் சொல்வார். கடைசியில் அண்ணி, தனக்கு வந்து சேர்ந்ததைத் தன் பாஷையில்.